மயிலாப்பூர் – அடையாறு, வழி: அமெரிக்கா

மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து அடையாறு காந்தி நகருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள்தான். மந்தைவெளியைத் தாண்டி, திரு.வி.க. பாலத்தில் ஆற்றைக் கடந்தால் வந்துவிடும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்த இரண்டு இடங்களிலும் இருந்த இரு நண்பர்கள், வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய கணிப்பொறியிலிருந்து மற்றவருடையதற்குப் போகும் தகவல் பாலத்தைக் கடந்து நேரே போய்ச் சேர வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அது நாட்டைவிட்டே வெளியேறி, அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தில் கைமாறி, மறுபடி கடல் தாண்டிச் சென்னைக்கே வந்து சேரும்.

எந்த இயந்திரமும் பழுதாகி இப்படி நடக்கவில்லை. தகவலுக்கு வழிகாட்டும் ரவுட்டர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. அன்றைய இந்திய இணைய நிறுவனங்கள் பலவும் தங்களுக்குள் நேரடியாக இணைந்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளிநாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்றிடம் இணைப்பு வாங்கியிருந்தது. அந்த வெளிநாட்டு நிறுவனங்கள் சந்தித்த இடம் அமெரிக்கா. ஆகவே பக்கத்துப் பேட்டைக்குப் போவதற்கும் அதுவே வழி. போகவும் வரவும் ஆன செலவு டாலரில் போனது.

இணையத்தில் வழி என்பது தூரத்தை வைத்து முடிவாவதில்லை. யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள், யாருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை வைத்தே முடிவாகிறது. இதைப் புரிந்துகொள்ள ரவுட்டர் என்ற கருவி என்ன செய்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

வீட்டுச் சுவரில் பச்சை விளக்கு மினுக்கும் வைஃபை பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். வீட்டிலுள்ள கைபேசி, டிவி, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து ஒரு சிறிய நெட்வொர்க். இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தினுடையது ஒரு பெரிய நெட்வொர்க். இரண்டுக்கும் நடுவில் நின்று, வீட்டுக்குள் சுற்ற வேண்டியதை உள்ளேயே சுற்றவிட்டு, வெளியே போக வேண்டியதை வெளியே தள்ளுவது அந்தப் பெட்டியின் வேலை. அதற்குத் தெரிந்த வெளிவழி ஒன்றே ஒன்றுதான். எங்கே போக வேண்டிய தகவலாக இருந்தாலும் நிறுவனத்தின் ரவுட்டரிடம் கொடுத்துவிடும். சிக்கலான தீர்மானங்கள் எல்லாம் அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

தகவல் முழுதாக ஒரே துண்டாகப் போவதில்லை. கபாலீஸ்வரர் கோயில் அறுபத்துமூவர் விழாவில் எடுத்த 3 எம்.பி. புகைப்படம் ஒன்றை வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினால், அது ஏறக்குறைய 2,000 பாக்கெட்டுகளாக உடைகிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் அதிகபட்சம் 1,500 பைட்டு. ஒவ்வொன்றின் முகப்பிலும் அனுப்புகிறவரின் ஐ.பி. முகவரி, பெறுகிறவரின் ஐ.பி. முகவரி, இன்னும் சில குறிப்புகள். நடுவிலுள்ள ரவுட்டர் தன் முடிவுக்குப் பெரும்பாலும் பார்ப்பது பெறுகிறவரின் முகவரியை மட்டும்தான். உள்ளே இருப்பது தேரின் படமா, வங்கிக் கணக்கா என்பது அதற்கு வேண்டாத விஷயம்.

உலகத்தில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வழி என்று எழுதி வைத்தால் எந்த ரவுட்டரும் தாங்காது. பழைய முறை ஐ.பி. முகவரிகளே சுமார் 429 கோடி. இங்கே நம் தபால் துறையின் பின்கோடு உதவிக்கு வருகிறது. மயிலாப்பூர் 600004, தியாகராய நகர் 600017, அடையாறு 600020. டெல்லியில் கடிதம் பிரிக்கிறவருக்கு இந்த ஆறு இலக்கமும் தேவையில்லை. முதல் இலக்கம் 6 என்றால் தெற்கே தமிழ்நாடு, கேரளப் பக்கம் போக வேண்டியது என்று தெரிந்தால் போதும். முதல் மூன்று இலக்கம் 600 என்று பார்த்தால் சென்னை. கடைசி இலக்கங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் சென்னையில் இருப்பவர்கள். ஐ.பி. முகவரியும் இப்படித்தான், முன்பகுதி ஒரு தொகுப்பைக் குறிக்கும், பின்பகுதி அதற்குள் இருக்கும் தனிக் கருவியைக் குறிக்கும். ரவுட்டர்கள் தொகுப்புகளுக்குத்தான் வழி எழுதி வைக்கின்றன. ஒரே முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், கூடுதல் இலக்கங்கள் பொருந்துகிற வரி, அதாவது இன்னும் குறிப்பாகச் சொல்லும் வரி, வெல்லும். இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு நாள் உலகம் முழுக்க யூடியூப் காணாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இணையத்தின் நடுப்பகுதியில் உள்ள பெரிய ரவுட்டர்களின் வழிப்பட்டியலில் இன்று பத்து லட்சத்தை ஒட்டிய வரிகள் இருக்கின்றன. 2014 ஆகஸ்ட் 12 அன்று இந்த எண்ணிக்கை 5,12,000-ஐத் தொட்டபோது, அந்த அளவுக்கே நினைவகம் ஒதுக்கப்பட்டிருந்த பழைய ரவுட்டர்கள் பல திணறிப்போய், உலகின் பல பகுதிகளில் இணையம் தடுமாறியது.

இத்தனை வரிகளில் தேடுவதற்கு ரவுட்டருக்குக் கிடைக்கும் நேரம் நம்ப முடியாத அளவு குறைவு. நொடிக்கு 100 ஜிகாபிட் வேகமுள்ள ஒரு வாசலில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால், நொடிக்குச் சுமார் 14.88 கோடி பாக்கெட்டுகள். ஒன்றுக்கு ஏழு நானோ செகண்டுகூடக் கிடைக்காது. அந்த நேரத்தில் கண்ணாடி இழையில் ஒளியே ஒன்றரை மீட்டர்கூடப் போயிருக்காது. வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது என்பதால், பட்டியலின் எல்லா வரிகளோடும் முகவரியை ஒரே சமயத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் தனிவகை நினைவகச் சில்லுகளைப் பல ரவுட்டர்களில் வைக்கிறார்கள். இன்னும் சிலவற்றில், தேடலையே சில படிகளுக்குள் முடிக்கும் கணக்கு முறைகள்.

எந்த ஒரு ரவுட்டருக்கும் முழுப் பயணம் தெரியாது. இந்த முகவரிக்கு அடுத்த கை யார் என்பது மட்டும்தான் தெரியும். அடுத்த ரவுட்டரிடம் கொடுத்ததும் அதன் பொறுப்பு முடிந்தது. அவசரத்தில் நெரிசல் ஏற்பட்டால் சில பாக்கெட்டுகளைக் கீழே போட்டுவிடவும் அதற்கு உரிமை உண்டு. போட்டதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய கடமைகூடக் கிடையாது. விடுபட்டதைக் கண்டுபிடித்து மறுபடி கேட்டு வாங்குவதும், முன்பின்னாக வந்ததை வரிசைப்படுத்துவதும் இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளின் வேலை. விண்டன் சர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்த இந்த வேலைப் பங்கீடுதான் இன்றளவும் இணையத்தைத் தாங்குகிறது. நடுவில் இருப்பவர்கள் எளிமையாக இருக்க வேண்டும், புத்தி ஓரங்களில் இருக்க வேண்டும் என்ற அந்தத் தீர்மானம் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த பொறியியல் தீர்மானங்களில் ஒன்று.

அதற்கும் ஒரு சோதனை வந்தது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், தகவல் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. பாக்கெட்டுகள் தொலைந்தன. தொலைந்ததை எல்லோரும் உடனே மறுபடி அனுப்பினார்கள். அதனால் நெரிசல் இன்னும் கூடி, இன்னும் தொலைந்தன. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர், பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கணிப்பொறிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்று ஒவ்வொரு கைபேசியும் அந்த அடக்கத்தோடுதான் தகவல் அனுப்புகிறது.

சரி, அடுத்த கை யார் என்பதை ரவுட்டர் எப்படித் தெரிந்துகொள்கிறது?

ஒரே நிறுவனத்துக்குள் என்றால் விடை எளிது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் பக்கத்து ரவுட்டர்கள் யார், அவற்றுக்கான இணைப்பு எவ்வளவு அகலம் என்ற செய்தியை மற்ற எல்லாவற்றுக்கும் பரப்புகிறது. எல்லோர் கையிலும் ஒரே வரைபடம் வந்துவிடுகிறது. அதில் குறைந்த செலவான பாதையை ஒவ்வொன்றும் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. கணக்கு முறை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் கண்டுபிடித்தது. ஆம்ஸ்டர்டாமில் தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணோடு கடைகளுக்குப் போன களைப்பில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, காகிதமும் பென்சிலும் இல்லாமல், இருபது நிமிடத்தில் மனத்துக்குள்ளேயே வகுத்ததாக அவர் பின்னாளில் சொன்னார். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கன் நகரத்துக்குக் குறுக்கு வழி எது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அண்ணா சாலையில் பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒரு கேபிளை அறுத்துவிட்டால், அந்த நிறுவனத்தின் ரவுட்டர்கள் ஒருசில நொடிகளில் வரைபடத்தைத் திருத்தி, டைக்ஸ்ட்ராவின் கணக்கை மறுபடி போட்டு, வேறு வழிக்கு மாறிவிடுகின்றன.

நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவில்தான் கதை வேறு. அங்கே யாரும் தன் உள்வரைபடத்தை மற்றவருக்குக் காட்டுவதில்லை. ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்குக்கும் ஓர் எண் உண்டு. பி.எஸ்.என்.எல். 9829, ஏர்டெல் 9498, ஜியோ 55836, கூகுள் 15169. இப்படி எண் பெற்ற நெட்வொர்க்குகள் பல்லாயிரம். அவை ஒன்றோடொன்று பேசும் மொழிக்குப் பெயர் பி.ஜி.பி. 1989 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த இணையப் பொறியாளர்கள் கூட்டத்தின்போது, யாகோவ் ரெக்டரும் கிர்க் லாஹீடும் சாப்பாட்டு மேஜையில் கை துடைக்கும் தாள்களில் அதன் முதல் வடிவத்தை எழுதினார்கள். அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு அது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அதன்மேல்தான் நிற்கிறது.

பி.ஜி.பி.யில் ஒரு நெட்வொர்க் தன் அண்டை நெட்வொர்க்கிடம் சொல்வது இவ்வளவுதான்: “இந்த முகவரித் தொகுப்புக்குப் போக வேண்டுமா, என்னிடம் கொடுங்கள்; இன்னின்ன எண்கள் வழியாக நான் கொண்டுசேர்க்கிறேன்.” கேட்டுக்கொண்டவர் தன் அண்டைக்கு, தன் எண்ணையும் முன்னால் சேர்த்துச் சொல்கிறார். இப்படிச் செவிவழிச் செய்தியாகவே உலகம் முழுக்க வழி பரவுகிறது. தலைமையகம் கிடையாது. மொத்த இணையத்துக்கும் வழி வகுத்துக் கொடுக்கும் ஒரு கணிப்பொறி எந்த நாட்டிலும் இல்லை.

ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று அண்டைகள் வழி சொன்னால், எதை எடுத்துக்கொள்வது என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். பொதுவாக, தனக்குப் பணம் தருகிற வாடிக்கையாளர் வழிக்கு முதல் இடம். காசு வாங்காமல் கொடுக்காமல் சம அந்தஸ்தில் இணைந்த அண்டைக்கு இரண்டாம் இடம். தான் பணம் கட்டும் பெரிய நிறுவனத்துக்குக் கடைசி இடம். கிலோமீட்டர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. நம் இரு நண்பர்களின் நிறுவனங்களுக்கு முதல் இரண்டு வகை உறவும் இல்லாததால், மிச்சமிருந்தது மூன்றாவது வகை மட்டுமே.

இதைத் திருத்தத்தான் 2003-இல் லாப நோக்கமற்ற ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்திய தேசிய இணையச் சந்திப்பகம், சுருக்கமாக நிக்ஸி. அதன் முதல் நான்கு மையங்களில் சென்னையும் ஒன்று. நொய்டா, மும்பை, கொல்கத்தா மற்ற மூன்று. சந்திப்பகம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். குளிரூட்டிய ஓர் அறை, அதில் சில ஸ்விட்ச்சுகள், நிறுவனங்கள் ஒவ்வொன்றும் அங்கே கொண்டுவந்து நிறுத்தும் ஒரு ரவுட்டர், அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் தன்னிடம் உள்ள முகவரிகளை உறுப்பினர்கள் அங்கே அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவித்துவிட்டால், அடையாற்று முகவரிக்கு நகரத்துக்குள்ளேயே ஒரு வழி இருப்பது மயிலாப்பூர் ரவுட்டருக்குத் தெரியவரும். கடல் தாண்ட வேண்டியதில்லை. தகவலைக் கேட்டு வாங்குகிறவரே கட்டணம் தர வேண்டும் என்று ஆரம்பத்தில் வைத்த விதி, பார்க்கவும் பதிவிறக்கவும் மட்டுமே செய்யும் வாடிக்கையாளர்களைக் கொண்ட சிறு நிறுவனங்களுக்குச் சுமையாக இருந்தது. சந்திப்பகத்தின் பயனே எல்லோரும் வந்து சேர்வதில்தான் இருக்கிறது என்னும்போது அது விவேகமான விதி ஆகாது. ஆனாலும் நிக்ஸி ஒரு வாசலைத் திறந்தது. இன்று டி-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐ.எக்ஸ். போன்ற தனியார் சந்திப்பகங்களும் சென்னையில் இயங்குகின்றன. கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை இணைப்பு நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே தங்கள் சர்வர்களை வைத்து, அடிக்கடி பார்க்கப்படும் காணொளிகளை அங்கிருந்தே கொடுக்கின்றன. தியாகராய நகரில் பார்க்கப்படும் ஒரு திரைப்படப் பாடல் பெரும்பாலும் சென்னை எல்லையைத் தாண்டி வருவதில்லை.

எல்லாம் உள்ளூரிலேயே முடிந்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. ரங்கநாதன் தெருவில் ஒரு கடைக்காரரும் வாங்குகிறவரும் ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கிறார்கள். க்யூ.ஆர். அட்டையைக் கைபேசி படம் பிடிக்கிறது. கைபேசி நிறுவனத்தின் நெட்வொர்க், பணம் கொடுப்பவரின் வங்கி, நடுவில் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம், பெறுபவரின் வங்கி, மறுபடி கடையில் உள்ள ஒலிபெருக்கிப் பெட்டியின் நெட்வொர்க் என்று அத்தனை ரவுட்டர்களும் தம் வேலையைச் செய்த பிறகே “பணம் வந்தது” என்ற குரல் கேட்கிறது. துணிப்பையைக் கைமாற்றுவதற்குள் அந்தச் செய்தி வெவ்வேறு ஊர்களின் சர்வர்களைத் தொட்டுத் திரும்பியிருக்கும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம், அண்டை சொல்வதை நம்புவதுதான். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்கச் சொன்னது. 24-ஆம் தேதி பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரிகள் தன்னிடமே இருப்பதாக ஓர் அறிவிப்பைத் தன் நெட்வொர்க்குக்குள் உருவாக்கியது. உள்ளே வந்த தகவல் குழியில் விழுந்துவிடும், தடையும் நிறைவேறிவிடும். அந்த அறிவிப்பு எல்லை தாண்டி, அவர்களுக்கு இணைப்பு கொடுத்த ஹாங்காங் நிறுவனம் வழியாக உலகுக்கே பரவிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 1,024 முகவரிகள் கொண்ட தொகுப்பு. பாகிஸ்தான் அறிவித்தது அதற்குள் அடங்கிய 256 முகவரிகள் கொண்ட தொகுப்பு. குறிப்பாகச் சொல்லும் வரி வெல்லும் என்ற விதிப்படி, உலகத்தின் ரவுட்டர்கள் பலவும் யூடியூபைத் தேடி பாகிஸ்தானுக்குத் திரும்பின. யூடியூப் பொறியாளர்கள் அதே விதியைக் கையில் எடுத்து, இன்னும் சிறிய 128 முகவரித் தொகுப்புகளாக அறிவித்துப் போராடினார்கள். ஹாங்காங் நிறுவனம் பாகிஸ்தானின் அறிவிப்பைத் துண்டித்த பிறகே முழு நிம்மதி. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இந்தியாவிலும் இதுபோல் நடந்திருக்கிறது. 2015 நவம்பர் 6 அன்று, ஏர்டெலின் 9498 எண்ணிலிருந்து பிறருக்குச் சொந்தமான சுமார் 16,000 முகவரித் தொகுப்புகள் தவறுதலாக அறிவிக்கப்பட்டன. பல மணி நேரம் அது நீடித்தது. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் செய்திகள் நின்றுபோனதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று யாரும் யாருடைய முகவரியையும் எடுத்துக்கொள்ளவில்லை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால், வாட்ஸ்அப்பை நடத்தும் ஃபேஸ்புக்கின் உள்நெட்வொர்க் அறுந்தது. உடனே, இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் அதன் பெயர்ச் சர்வர்கள் தங்களுக்கான பி.ஜி.பி. அறிவிப்புகளைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டன. இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் அவற்றுக்குப் போகும் வழி உலகத்தின் எந்தப் பட்டியலிலும் இல்லை. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களும் அதே வழியில்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

செவிவழிச் செய்திக்குக் கையெழுத்துச் சான்று கேட்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. ஒரு முகவரித் தொகுப்பை அறிவிக்க உரிமை உள்ள நெட்வொர்க் எண் எது என்று மறையெழுத்துச் சான்றோடு பதிவுசெய்து வைக்கலாம். இந்தியாவில் முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் பதிவகத்தையும் நிக்ஸிதான் நடத்துகிறது. உலக வழிப்பட்டியலில் சான்று உள்ள பழைய முறை முகவரி வரிகள் 2024 மே மாதம் பாதியைத் தாண்டின. மீதியையும் பதிவு செய்வதில் ஒவ்வொரு இந்திய நிறுவனமும் முனைப்புக் காட்ட வேண்டும். பெரும் செலவில்லாத வேலை. விட்டுவைப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது.

வழி இருந்தும் வேகம் இல்லாமல் போவது இன்னொரு தொல்லை. அதைப் புரிந்துகொள்ள மயிலாப்பூரின் கிழக்கு ஓரத்துக்கே போகலாம். சாந்தோம் கடற்கரைப் பக்கம் வந்து ஏறும் கடலடிக் கேபிள்களால்தான் சென்னை, மும்பைக்கு அடுத்தபடியாக, இந்திய இணையத்தின் பெரிய வாசலாக இருக்கிறது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்தில் ஐ2ஐ கேபிள் வந்தது. 2004-இல் டாடாவின் சிங்கப்பூர் கேபிள். 2005-இல், பிரான்சு முதல் சிங்கப்பூர் வரை போகும் சீ-மீ-வீ 4 சென்னையையும் மும்பையையும் தொட்டது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்து, மேற்கு நோக்கிய இந்தியாவின் திறனில் பாதிக்கு மேல் போனபோது, ரவுட்டர்கள் தகவலைக் கிழக்கே திருப்பின. ஐரோப்பாவுக்குப் போக வேண்டியவையும் சென்னை, சிங்கப்பூர், பசிபிக் பெருங்கடல், அமெரிக்கா என்று உலகை மறுபக்கமாகச் சுற்றிப் போயின.

2016 டிசம்பர் 12 அன்று அடி சென்னைப் பக்கமே விழுந்தது. வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்து, தெருவுக்குத் தெரு மரங்களைச் சாய்த்தது. மரங்களிலும் கம்பங்களிலும் தொங்கிக்கொண்டிருந்த கேபிள்கள் அறுந்தது கண்ணுக்குத் தெரிந்த சேதம். தன் கடலடிக் கேபிள்களில் ஒன்றும் சேதமடைந்துவிட்டதாகவும், வேகம் குறையக்கூடும் என்றும் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. இணையம் அடியோடு நின்றுவிடவில்லை. அறுந்த வழியை அறிவிப்பிலிருந்து நீக்கி, மிச்சமிருந்த வழிகளுக்கு ரவுட்டர்கள் மாறிக்கொண்டன. ஆனால் மாற்று வழியைக் கண்டுபிடிக்கத்தான் ரவுட்டருக்குத் தெரியும். அந்த வழியை அகலமாக்க அதனால் முடியாது. இரண்டு கேபிள்களின் சுமை ஒன்றில் ஏறினால் வரிசை நீள்கிறது, பாக்கெட்டுகள் கீழே விழுகின்றன, ஜேக்கப்சன் சொல்லிக் கொடுத்தபடி எல்லாக் கணிப்பொறிகளும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. வீட்டில் இருப்பவர் பார்ப்பது, சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டத்தை.

புதிய வழி ஒன்று திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தமான் சாட்சி. அந்தத் தீவுகள் வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்கி, பதிலும் அதே வழியில் வர ஏறக்குறைய அரை நொடி. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் திறக்கப்பட்டது. அரை நொடி, சில பத்து மில்லி செகண்டுகளாகச் சுருங்கியது.

சென்னைக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1986-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய எர்நெட் கல்வி நெட்வொர்க்கின் முதல் எட்டு நிறுவனங்களில், அடையாறை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. அதன் ஆரம்பகால முதுகெலும்பு இணைப்புகள் நொடிக்கு 9,600 பிட்டு. முன்னே சொன்ன அறுபத்துமூவர் படத்தை அனுப்ப அந்த வேகத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேலாகும். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது முதலில் சேர்ந்த நகரங்களில் சென்னையும் இருந்தது. இப்போது ரவுட்டர்களே இந்த மண்ணில் உருவாகின்றன. சிஸ்கோ நிறுவனம் 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃப்ளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஓர் ஆலையைத் தொடங்கியது. அங்கே முதலில் செய்ய எடுத்துக்கொண்டது என்.சி.எஸ். 540 வரிசை ரவுட்டர்கள்.

தன் வீட்டுத் தகவல் எந்த வழியில் போகிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் ஓர் எண் உண்டு, பல கருவிகளில் அது 64-இல் தொடங்கும். கடந்துபோகும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனால் பாக்கெட்டை அழித்துவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். தவறான வழிப்பட்டியலால் ஒரு பாக்கெட் காலாகாலத்துக்கும் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஜேக்கப்சன் 1980-களின் இறுதியில் இதையே ஒரு கருவியாக மாற்றினார். எண்ணை வேண்டுமென்றே 1 என்று வைத்து அனுப்பினால் முதல் ரவுட்டர் பதில் சொல்லும், 2 என்றால் இரண்டாவது, 3 என்றால் மூன்றாவது. விண்டோஸ் கணிப்பொறியின் கட்டளைத் திரையில் ‘ட்ரேசெர்ட்’ என்ற கட்டளையையும் ஓர் இணையதள முகவரியையும் ஆங்கிலத்தில் தட்டினால், வழியில் உள்ள ரவுட்டர்கள் வரிசையாக வரும். மேக்கிலும் லினக்ஸிலும் ‘ட்ரேஸ்ரூட்’.

வரும் வரிகளைப் படிப்பதும் கடினமில்லை. ரவுட்டர்களின் பெயருக்குள் பல நிறுவனங்கள் விமான நிலையக் குறியீட்டை வைத்திருக்கும். எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, பி.ஓ.எம். மும்பை, எஸ்.ஐ.என். சிங்கப்பூர். நட்சத்திரக் குறி மட்டும் தெரிந்தால் அந்த ரவுட்டர் பதில் சொல்ல விரும்பவில்லை என்று பொருள், பழுது என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள மில்லி செகண்டு எண்கள் இன்னும் நம்பத்தக்கவை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே ஐ2ஐ நீளமுள்ள கேபிளில் சிங்கப்பூர் போய்த் திரும்ப 32 மில்லி செகண்டாவது ஆகியே தீரும், எவ்வளவு நல்ல ரவுட்டர் வைத்தாலும் அதைக் குறைக்க முடியாது. நகரத்துக்குள்ளேயே இருப்பதாகத் தெரிந்த ஒரு சர்வருக்கு வழக்கமாகச் சில மில்லி செகண்டுகள் போதும். அதற்கு நாற்பது ஐம்பது காட்டி, நடுவில் மும்பையோ சிங்கப்பூரோ தலைகாட்டினால், அந்த வரிகளை அப்படியே நகலெடுத்து இணைப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பலாம். உள்ளூர்ச் சந்திப்பகம் ஒன்றில் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருந்தால், அவர்கள் செய்ய வேண்டியது பி.ஜி.பி. அமைப்பில் சில வரிகளை மாற்றுவது மட்டும்தான்.